செப்டம்பர் 22: நடுக்கடலில் நின்ற கப்பல்கள்

(காலை வானொலிச் சிந்தனையின் எழுத்து வடிவம்)



இன்று செப்டம்பர் 22. திருச்சபையின் நாள்காட்டியில் இது புனித மோரிஸ் மற்றும் அவருடைய தோழர்களின் நினைவு நாள். மோரிஸ் என்ற பெயர் தாங்கியவர்கள் நம் பங்குகளில் உண்டு. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு படைவீரர் என்பது பலருக்குத் தெரியாது. நம் பங்கிலும் அந்தப் பெயருடைய பெரியவர் ஒருவர் இருக்கிறார். இராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்றைய சிந்தனைக்கு அவர்தான் காரணம். அவரிடம் பிறகு வருகிறேன். அதற்கு முன் இதே தேதியில், 1914-ஆம் ஆண்டில், மூன்று கடல்களில் நடந்தவற்றைச் சொல்ல வேண்டும்.

முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் ஆகஸ்ட் 20 அன்று இறந்திருந்தார். புதிய திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் பொறுப்பேற்று மூன்று வாரம்கூட நிறையவில்லை. அவர் எழுதிய முதல் மடலே போரை நிறுத்துங்கள் என்ற மன்றாட்டுத்தான். எந்த நாடும் காது கொடுக்கவில்லை.

அந்தச் செப்டம்பர் 22 காலையில், ஹாலந்து நாட்டுக் கடற்கரைக்கு அப்பால் வடகடலில் மூன்று பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மெதுவாக ரோந்து போய்க்கொண்டிருந்தன. அவற்றின் பெயர்கள் அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி. அவற்றில் இருந்தவர்கள் பெரும்பாலும் ரிசர்வ் வீரர்கள். அதாவது பணி முடித்து ஊர் திரும்பி, வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் அழைக்கப்பட்ட குடும்பஸ்தர்கள். அவர்களோடு கடற்படைப் பள்ளியிலிருந்து நேராக அனுப்பப்பட்ட பதினைந்து வயதுப் பையன்களும் இருந்தார்கள். இந்தக் கப்பல்களுக்குச் சக வீரர்களே ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்: உயிர்த் தூண்டில் படை. தூண்டில் முள்ளில் குத்தப்பட்ட புழு என்று பொருள். மீன்பிடிக்கிற நம் மக்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

காலை ஆறரை மணிக்குச் சற்று முன்பு அபூகிர் கப்பலின் அடியில் வெடித்தது. கண்ணிவெடியில் மோதிவிட்டோம் என்று அதன் கேப்டன் நினைத்தார். மற்ற இரண்டு கப்பல்களையும் உதவிக்கு வருமாறு அழைத்தார். ஹோக் வந்தது. நின்றது. படகுகளை இறக்கியது. நீரில் தத்தளிப்பவர்கள் பிடித்துக்கொள்ள, மிதக்கக்கூடிய எல்லாவற்றையும் கடலில் எறிந்தார்கள். அப்படி நின்ற ஹோக் கப்பலை அடுத்த டார்பிடோக்கள் தாக்கின. கண்ணிவெடி அல்ல, நீருக்கடியில் யூ-9 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி இருக்கிறது என்று அப்போது தெரிந்துவிட்டது. ஆனாலும் கிரெஸ்ஸி போய்விடவில்லை. அதன் படகுகள் நீரில் கிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டிருந்தன. அதையும் டார்பிடோ பிளந்தது. எட்டு மணிக்குள் மூன்று கப்பல்களும் கடலுக்குள். இறந்தவர்கள் 1,459 பேர். பிழைத்தவர்கள் 837 பேர்.

பிழைத்தவர்களில் விக்கம்-மஸ்கிரேவ் என்ற பதினைந்து வயதுப் பையன் ஒருவன். அபூகிரிலிருந்து குதித்து நீந்தி ஹோக் கப்பலை அடைந்தான். அவனை ஏற்றும் நேரத்தில் அது தாக்கப்பட்டது. மறுபடி நீந்தி கிரெஸ்ஸிக்குப் போனான். அதுவும் மூழ்கியது. கடைசியில் ஒரு மரத்துண்டைப் பிடித்தபடி மிதந்தவனை டச்சுக்காரர்கள் தூக்கினார்கள். ஒரே காலையில் மூன்று கப்பல்களின் மரணத்தைப் பார்த்த பிள்ளை அவன்.

யூ-9 கப்பலில் இருந்தவர்கள் முப்பது பேர் அளவில்தான். அதன் தலைவர் ஓட்டோ வெட்டிகன் ஜெர்மனியில் ஒரே நாளில் வீரநாயகன் ஆனார். பதக்கங்கள், மாலைகள், தபால் அட்டையில் படம். அடுத்த ஆண்டு மார்ச்சில், வேறொரு நீர்மூழ்கியில், தம் ஆட்கள் எல்லாரோடும் அவரும் கடலடிக்குப் போனார். பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று மோதி மூழ்கடித்தது. அவருக்கும் வீட்டில் காத்திருந்தவர்கள் உண்டு.

அதே நாள் இரவு ஒன்பதரை மணி அளவில் நம் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே எம்டன் கப்பல் வந்து நின்றது. இந்தக் கதை உங்களுக்குத் தெரியும். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் சுடப்பட்டன. உயர் நீதிமன்றச் சுவரில் இன்றைக்கும் அதன் நினைவுக் கல் இருக்கிறது. பயந்துபோய் ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் ஆயிரக்கணக்கில். பிறகு அந்தப் பயமே தமிழில் ஒரு சொல்லாகிவிட்டது. ‘அவன் சரியான எம்டன்’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அன்று இரவு குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள். கப்பலின் பெயர் நம் நாக்கில் இருக்கிறது. செத்தவர் ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியுமா?

எம்டன், மாக்ஸிமிலியன் ஃபான் ஷ்பே என்ற கடற்படைத் தளபதியின் படையிலிருந்து பிரிந்து வந்த கப்பல். அந்த ஷ்பே அதே செப்டம்பர் 22 அன்று எங்கே இருந்தார் தெரியுமா? பசிபிக் பெருங்கடலில், தாஹித்தி தீவில். அங்கே பப்பேத்தே என்ற ஊரைத் தம் இரண்டு பெரிய கப்பல்களால் குண்டுவீசித் தாக்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது நிலக்கரி. எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று பிரெஞ்சுக்காரர்களே நிலக்கரியைக் கொளுத்திவிட்டார்கள். ஆக, ஊர் எரிந்ததுதான் மிச்சம்.

ஷ்பே நம் மதத்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய இரண்டு மகன்களும் அதே படையில் இருந்தார்கள். அந்த டிசம்பர் 8 அன்று, அமல உற்பவ அன்னையின் திருநாளில், ஃபாக்லாந்து தீவுகளுக்கு அருகே தந்தையும் இரு மகன்களும் வெவ்வேறு கப்பல்களில் ஒரே நாளில் மாண்டார்கள். வீட்டில் ஒரு தாய் இருந்தார். அன்னையின் திருநாள் வரும்போதெல்லாம் அந்தத் தாய் எப்படி ஜெபமாலையைக் கையில் எடுத்திருப்பார் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

தரையிலும் அந்த நாள் சும்மா இருக்கவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் அலன் ஃபூர்னியே, 27 வயது, அன்றுதான் வெர்தன் பக்கத்துக் காட்டில் கொல்லப்பட்டார். அவரும் தோழர்கள் இருபது பேரும் ஒரே குழியில் கிடந்தது 1991-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. எழுபத்தேழு ஆண்டுகள்! அடுத்த உலகப் போரில், 1939-இல், இதே செப்டம்பர் 22 அன்று பிரெஸ்ட் நகரில் ஜெர்மன் படையும் சோவியத் படையும் சேர்ந்து அணிவகுத்தன. போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டவர்களின் ஊர்வலம். இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, அதே ஊரில் ஒருவரை ஒருவர் கொன்றார்கள்.

இனி நம் பெரியவருக்கு வருகிறேன். அவர் என்னிடம் பேசியது ஒப்புரவு அருட்சாதனத்தில் அல்ல; பங்கு இல்லத் திண்ணையில், காப்பி குடித்துக்கொண்டு. ‘வானொலியில் சொல்லுங்க சாமி, பேரை மட்டும் விட்டுடுங்க’ என்று அனுமதியும் தந்தார்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மலைப்பாதையில் இராணுவ லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எது நடந்தாலும் வண்டியை நிறுத்தக் கூடாது என்பது கட்டளை. நிறுத்தினால் வரிசை முழுவதும் குறியாகிவிடும். இவருக்கு முன்னால் போன வண்டி சரிந்து ஓரமாகக் கவிழ்ந்தது. உள்ளே இருந்து ஒரு கை அசைந்ததை இவர் பார்த்தார். நிறுத்தவில்லை. கட்டளைப்படி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பின்னால் வந்தவர்கள் மீட்டிருக்கலாம். மீட்காமலும் இருந்திருக்கலாம். இவர் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கேட்கப் பயம். ‘நல்ல சமாரியர் நற்செய்தி வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்கு வரமாட்டேன் சாமி, கவனிச்சிருக்கீங்களா?’ என்றார். நான் கவனித்திருக்கவில்லை.

இறையியல் படித்த எனக்கு உடனே ஒரு பதில் வாயில் வந்தது. பாவத்துக்கு முழு அறிவு வேண்டும், முழு சம்மதம் வேண்டும் என்று குருமடத்தில் கற்றதைச் சொன்னேன். அது தவறல்ல. ஆனால் அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அன்றிரவு இந்த மூன்று கப்பல்களின் வரலாற்றை மறுபடி எடுத்துப் படித்தேன்.

அந்தச் சோகத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை ஒரு கட்டளை போட்டது. நீர்மூழ்கி இருக்கும் இடத்தில், தாக்கப்பட்ட கப்பலுக்கு உதவப் பெரிய கப்பல்கள் நிற்கக் கூடாது. அதை விட்டுவிட்டுப் போக வேண்டும். இந்தக் கட்டளையை எழுதியவர்களைக் கல்நெஞ்சக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். நின்றதால் இரண்டு கப்பல்கள் கூடுதலாகப் போயின. எழுநூறு பேரின் உயிரைக் கையில் வைத்திருக்கும் கேப்டன், தன் ஒருவன் உயிரை மட்டும் பணயம் வைப்பவன் அல்லவே.

எரிகோ பாதையை நினைத்துப் பாருங்கள். குருவையும் லேவியரையும் இத்தனை காலம் மறையுரைகளில் நாம் நன்றாகத் திட்டியிருக்கிறோம். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அந்தப் பாதையில் அடிபட்டுக் கிடப்பவன் தூண்டிலாகவும் இருக்கலாம். கொள்ளையர் பாறைக்குப் பின்னால் இன்னும் ஒளிந்திருக்கலாம். நிற்காமல் போனவர்களிடம் நியாயமான ஒரு காரணம் இருந்திருக்கக்கூடும். சமாரியரிடம் அதைவிட நல்ல காரணம் எதுவும் இல்லை. அவர் மனம் இரங்கினார், அவ்வளவுதான் நற்செய்தி சொல்வது. ஆபத்து இல்லை என்று உறுதி செய்துகொண்டு அவர் நின்றதாக ஆண்டவர் சொல்லவில்லை.

வடகடலிலும் அன்று ஒரு சமாரியர் வந்தார். ஃப்ளோரா என்ற டச்சு நாட்டு நீராவிக் கப்பல். அவர்களுக்கு இந்தப் போரில் பங்கில்லை. கடலில் கண்ணிவெடி இருக்கிறதா, நீர்மூழ்கி இன்னும் சுற்றுகிறதா என்று தெரியாமலேயே நெருங்கி வந்து, நீரில் கிடந்தவர்களைத் தூக்கி, ஹாலந்துக் கரைக்குக் கொண்டுபோனார்கள். டைட்டன் என்ற இன்னொரு டச்சுக் கப்பலும், மீன்பிடிப் படகுகளும் வந்தன. அந்த 837 பேரில் பலர் உயிரோடு வீடு திரும்பியது இவர்களால்.

புனித மோரிசைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இன்று அவருடைய நாள். எகிப்தின் தீபஸ் பகுதியிலிருந்து வந்த உரோமைப் படைப்பிரிவின் தலைவர் அவர். ஏறத்தாழ 286-ஆம் ஆண்டில், இன்றைய சுவிட்சர்லாந்தில், தம் சகக் கிறிஸ்தவர்களை ஒடுக்கச் சொன்ன பேரரசர் மாக்ஸிமியானின் கட்டளையை அவரும் வீரர்களும் மறுத்தார்கள். பத்துக்கு ஒருவராக வெட்டினார்கள். மீண்டும் மறுத்தார்கள். கையில் ஆயுதம் இருந்தும் எதிர்த்துப் போரிடவில்லை. லியோன் நகர ஆயர் யூக்கேரியுஸ் ஐந்தாம் நூற்றாண்டில் இதை எழுதி வைத்தார். மரபு 6,600 வீரர்கள் என்கிறது. அறிஞர்கள் அந்த எண்ணிக்கையை ஏற்பதில்லை, அது நம் விசுவாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. அந்த இடத்தில் 515-இல் எழுந்த துறவு மடம் இன்றும் இருக்கிறது. படைவீரர்களின் பாதுகாவலர் அவர். 1914-இல் பிரெஞ்சு வீரரும் ஜெர்மன் வீரரும் அவரிடம்தான் வேண்டிக்கொண்டார்கள்.

திருமுழுக்கு யோவானிடம் படைவீரர்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, அவர் படையை விட்டுவிடச் சொல்லவில்லை. யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், சம்பளத்தோடு நிறைவு கொள்ளுங்கள் என்றார். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் நாட்டைக் காக்கும் வீரரை மதிக்கிறது. அதே மூச்சில், மக்களைக் கொன்றொழிக்கச் சொல்லும் கட்டளையை வெளிப்படையாக மறுப்பவரை மிக உயர்வாகப் புகழ்கிறது. மோரிசுக்கு வந்த கட்டளை அப்படிப்பட்டது. மறுப்பதா இல்லையா என்பதில் குழப்பமே இல்லை. நம் பெரியவருக்கு வந்த கட்டளை வேறு. அது தோழர்களைக் காப்பாற்றப் போடப்பட்டது, அதைக் கடைப்பிடித்ததில் ஒரு கை அசைந்தபடி பின்னால் போய்விட்டது.

இதைத்தான் மறுநாள் அவரிடம் சொன்னேன். நீங்கள் செய்தது பாவம் என்று நான் சொல்லமாட்டேன் ஐயா. ஆனால் உங்களுக்கு வலிக்கக் கூடாது என்றும் சொல்லமாட்டேன். சமாரியரின் இரக்கம் அந்த லாரியில் உங்களோடு இருந்தது, அதனால்தான் இத்தனை ஆண்டு வலிக்கிறது. அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ‘அந்த ஆளுக்காக ஒரு பூசை வைக்கலாமா? பேரு தெரியாதே’ என்றார். ‘பெயர் கடவுளுக்குத் தெரியும். உயிரோடு இருந்தால் அவருடைய நலத்துக்கு, இல்லையென்றால் ஆன்ம இளைப்பாற்றிக்கு’ என்றேன்.

இன்று மாலை ஆறு மணித் திருப்பலி அவருடைய கருத்துக்காக. கருத்துப் பதிவேட்டில் அவரே தம் கையால் எழுதினார்: ‘முன்னால் போன வண்டியில் இருந்தவருக்காக.’ அதன் கீழே நான் சேர்த்து எழுதினேன்: அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி கப்பல்களில் இருந்தவர்கள், வெட்டிகனும் அவருடைய ஆட்களும், ஷ்பேயும் இரு மகன்களும், சென்னைத் துறைமுகத்தில் அன்றிரவு இறந்தவர்கள், பப்பேத்தேயில் இறந்தவர்கள். இராணுவத்தில் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் தங்கள் பிள்ளைகளின் பெயரையும் எழுதலாம். பதிவேடு ஐந்தரை மணி வரை கோயில் வாசல் மேசையில் இருக்கும்.