ஓரையும் கேந்திரமும்



ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் முக்கோணமாய் நின்று காவல் புரியும் இச்செஞ்சி நகருக்கு மராட்டியரும் மொகலாயரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் வந்து போன சரித்திரத்தைக் கோட்டைச் சுவரே சொல்லும்; நான் பேச வந்ததோ, வாளேந்தாமல் வந்து, போகாமலே தங்கிவிட்ட சில அந்நியரைப் பற்றி. அவர்கள் உங்கள் வீட்டு ஆணியில் தொங்கும் பஞ்சாங்கத்துக்குள் குடியிருக்கிறார்கள்.

ஒன்று, நான்கு, ஏழு, பத்தாம் இடங்களை ஜோதிடர் கேந்திரம் என்கிறாரே, அது கூர்முனையைக் குறித்த ‘கென்ட்ரோன்’ என்னும் கிரேக்கச் சொல். ராசியை மூன்றாய்க் கூறிடும் திரேக்காணம் கிரேக்கருடைய ‘டெகனோஸ்’. கலையைக் குறிக்கும் இலிப்தை ‘லெப்டோன்’. லக்கினத்துக்கு நேரெதிரே நிற்கும் ஏழாமிடமாகிய ஜாமித்திரம், வட்டத்தின் விட்டத்தைக் குறித்த ‘டியாமெட்ரோன்’. விவாகத்தை நிர்ணயிக்கும் ஸ்தானத்துக்குக் கணக்கு வாத்தியார் பெயரிட்டது போலும்! ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர், பிருகத் ஜாதகத்தில் மேஷத்தைக் கிரியம் என்றும் ரிஷபத்தைத் தாவுரி என்றும் யவனப் (கிரேக்கப்) பெயராலேயே சுட்டியதோடு, மிலேச்சராயினும் இச்சாஸ்திரத்தில் தேர்ந்தவராதலின் யவனர் ரிஷிகளைப்போல் பூஜிக்கத்தக்கவர் என்ற கருத்தைப் பிருகத் சம்ஹிதையில் கூசாமல் எழுதிவைத்தார். அந்த நெஞ்சுரம் நம்மிடம் குறைவு. முகூர்த்தத்தைக் குறிக்கும் தொல்காப்பியத்து ‘ஓரை’யை யவனச் சொல்லென்று வையாபுரிப் பிள்ளை கொண்டு நூலின் காலத்தையே கீழிறக்க, மறுப்போர் சங்கச் செய்யுட்களில் ஓரை மகளிர் விளையாட்டன்றோ என்று சினந்தனர். இரண்டும் வேறு வேறு சொல்லாயிருக்கலாம் என்பதே என் எண்ணம்.

சொல்லோடு கணக்கும் வந்தது. சந்திரனின் வேகம் கூடிக் குறையும் சுற்று ஒன்பது முடிய 248 நாள் என்பது பாபிலோனியர் கண்ட கணக்கு. சந்திரனின் நிலையை நாள்தோறும் சொல்லும் மனப்பாடச் சொற்றொடர்களான, நம் வாக்கிய பஞ்சாங்கத்தின் சந்திர வாக்கியங்களும் 248. இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத புதுச்சேரியில், பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே கிரகணம் கணித்ததை வாரன் என்ற துரை கண்டு, 1825-இல் சென்னையில் அச்சான ‘காலசங்கலித’த்தில் எழுதினார். அவ்வாண்டு மே 31 இரவுச் சந்திர கிரகணத்தின் தொடக்கத்தில் அக்கணக்கு 4 நிமிஷமே பிசகியது; முடிவில் 52 நிமிஷம் பிசகியதையும் மறைப்பானேன்?

அவ்வாக்கியங்களை இன்னும் நாவில் வைத்திருக்கும் பெரியவர் எவரேனும் இச்சபையில் இருப்பின், நாளைக் காலை அவர் வீட்டுத் திண்ணைக்கு அடியேன் வருகிறேன். எழுதிக்கொள்ளக் காகிதமும் பேனாவும் நானே கொண்டுவருவேன்.