உழைப்பாளிக்கு ஊக்க மருந்தா?



களைப்பைப் போக்கும் மருந்தென்று சொல்லி விற்கப்பட்ட ஒரு வஸ்துவைப் பற்றி இன்று பேச வந்திருக்கின்றேன். அதன் பெயர் மெத்தாம்பெட்டமைன். இது செடியில் காய்ப்பதல்ல. ரசாயன சாலையில் மனிதன் செய்வது. 1893-ல் ஜப்பானியப் பண்டிதர் நாகாய் நாகயோஷி என்பவர், எபெட்ரின் என்னும் மூலிகைச் சத்திலிருந்து முதன் முதல் இதைச் செய்தார்.

1938-ல் ஜெர்மனியில் பெர்விடின் என்ற பெயரால் இது மாத்திரையாய்க் கடைக்கு வந்தது. யுத்தத்தில் சிப்பாய்கள் தூங்காமல் நடக்க வேண்டுமென்று இதைக் கொடுத்தார்கள். 1941-ல் ஜப்பானில் ஹிரோப்பான் என்ற பெயரால் வந்தது. உழைப்பில் பிரியம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வைத்த பெயராம் அது! யாருடைய உழைப்பு, யாருக்குப் பிரியம் என்று கேட்கின்றேன். இரவெல்லாம் கண் விழித்து ஆயுதத் தொழிற்சாலையில் பாடுபட்ட தொழிலாளியின் உழைப்புத்தானே?

சரி, இம்மருந்து பலம் கொடுக்கின்றதா? சோறு பலம் கொடுக்கும். தூக்கம் பலம் கொடுக்கும். இதுவோ மூளையின் நரம்புகள் சேர்த்து வைத்திருக்கும் டோபமைன் முதலிய சத்துக்களை ஒரேயடியாய்க் கொட்டச் செய்கின்றது, அவ்வளவே. இருதயம் படபடக்கின்றது; ரத்த அழுத்தமும் உடற்சூடும் ஏறுகின்றன; பசியும் தூக்கமும் தெரிவதில்லை. களைப்புப் போய்விட்டதா? இல்லை. காவற்காரன் வாயைக் கட்டிவிட்டு, வீட்டில் திருடனே இல்லை என்று சொல்வது போலத்தான் இது.

பிறகு வட்டியும் முதலுமாய் வசூலாகின்றது. வேகம் தணிந்ததும் தாங்க முடியாத சோர்வு. அதைத் தீர்க்க மறுபடியும் அதே மருந்து. நேற்றைய அளவு இன்று போதாது. நாளடைவில் இல்லாத குரல் காதில் கேட்கும். பெண்டாட்டி பிள்ளைகளே சதி செய்வதாய்த் தோன்றும். பேய் பிடித்ததென்று வேப்பிலை அடித்தால் தீருமா? இருதயம் நின்றும், மூளையில் ரத்தக் குழாய் வெடித்தும் மாண்டவர் பலர்.

யுத்தம் 1945-ல் முடிந்தது. மருந்தின் வியாபாரம் முடியவில்லை. ஜப்பான் சர்க்கார் 1951-ல் தனிச் சட்டம் செய்தும், 1954-ல் மாத்திரம் 55,000 பேருக்கு மேல் கைதானார்கள். இன்று தாய்லாந்தில் இதையே யாபா, அதாவது பைத்திய மருந்து, என்கிறார்கள். பெயர் இப்போதுதான் பொருத்தமாயிற்று!

ஆகவே தோழர்களே! இதில் சிக்கியவனைப் பாவியென்று தள்ளாதீர்கள், தலைவிதியென்றும் விட்டுவிடாதீர்கள். அது வியாதி, வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். களைப்புக்கு மாத்திரை நீட்டுகிறவன் எவனானாலும், “வேலை நேரத்தைக் குறைத்தால் என்ன?” என்று அவனைக் கேளுங்கள். அதுதான் களைப்புக்கு யோக்கியமான மருந்து.