கிராத்தோம் இலை: களைப்பை மறைக்கும், ஆளை அடிமையாக்கும்

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



நடவு, கரும்பு வெட்டு, வரப்பு வேலை என்று பகல் முழுவதும் வெயிலில் உழைப்பவருக்கு மாலையில் முதுகும் தோளும் வலிப்பது இயல்பு. வலி தெரியாமல் இருக்கப் புகையிலை போடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. தாய்லாந்தின் தென்பகுதியிலும் மலேசியாவின் வடபகுதியிலும் உழவர்கள், ரப்பர் பால் வெட்டுவோர், மீனவர்கள் ஆகியோர் இதற்காகவே ஓர் இலையை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். தாய்லாந்தில் அதற்குக் 'கிராத்தோம்' என்று பெயர். நரம்பை நீக்கிவிட்டுப் பச்சையாக மெல்லுவார்கள். மலேசியாவில் 'கெத்தும்' என்பார்கள். கொதிக்க வைத்துக் கசப்பு நீராகக் குடிப்பார்கள். அங்கு வேலைக்குச் சென்று வந்த நம்மவர்கள் இப்பெயரைக் கேட்டிருக்கலாம்.

இம்மரம் காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரப் பெயர் மித்ரகைனா ஸ்பெசியோசா. நம் நாட்டில் வளரும் நீர்க்கடம்பு இதற்கு நெருங்கிய உறவு. ஆனாலும் இரண்டும் வெவ்வேறு மரங்கள். எனவே நீர்க்கடம்பின் இலையைப் பறித்து யாரும் மென்று பார்க்க வேண்டாம்.

இலை எப்படி வேலை செய்கிறது? இதில் மித்ரகைனின் என்ற காரப்பொருள் உள்ளது. குறைந்த அளவில் உட்கொண்டால் சுறுசுறுப்பு வரும். வெயிலும் களைப்பும் தெரியாது. அளவு கூடினால் வலி மரத்து, மயக்கமும் தூக்கமும் வரும். அபினியிலுள்ள மார்ஃபின் மூளையில் எந்த இடத்தைப் பற்றுகிறதோ அதே இடத்தை இதுவும் பற்றுகிறது. ஆபத்து இங்குதான் தொடங்குகிறது.

புதிதாக மெல்லுபவருக்குச் சில இலைகள் போதும். நாளடைவில் அதே பலனுக்கு 10 முதல் 30 இலை வரையிலும் தேவைப்படும். ஒரு நாள் நிறுத்தினால் தசைவலி, மூக்கொழுகல், தூக்கமின்மை, எரிச்சல் ஆகியவை தோன்றும். உடல்வலி போக்கத் தொடங்கியவர், பிறகு அந்த இலை இல்லாததால் வரும் உடல்வலிக்காகவே மெல்ல வேண்டியதாகிறது.

தொடர்ந்து பயன்படுத்துவோருக்கு வரக்கூடிய கேடுகள்:

1. மலச்சிக்கல், பசியின்மை, உடல் மெலிதல்.
2. சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு. கண் மஞ்சளாதலும் சிறுநீர் கருத்துப் போதலும் இதன் அறிகுறிகள்.
3. அளவு மிகுந்தால் வலிப்பு.
4. கர்ப்பிணி உட்கொண்டால் பிறக்கும் குழந்தைக்கும் பழக்கம் விட்டது போன்ற துன்பம்.

பச்சை இலையை விடத் தூளும் சாறும் கேடு மிக்கவை. தூளில் என்ன கலந்துள்ளது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. 2018-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிராத்தோம் பொருள்களில் இருந்த சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமியால் 41 மாநிலங்களில் 199 பேர் நோயுற்றனர். சுவீடனில் வேறொரு வலி மருந்து கலந்த கிராத்தோம் தூளால் ஒன்பது பேர் உயிரிழந்தனர்.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2016 ஜூலை முதல் 2017 டிசம்பர் வரை மருந்து, போதைப்பொருள் மிகுதியால் நேர்ந்த 27,338 மரணங்களை ஆராய்ந்தனர். அவற்றுள் 152 பேரின் உடலில் கிராத்தோம் காணப்பட்டது. 91 பேரின் மரணத்திற்கு அதுவும் ஒரு காரணமாகக் குறிக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் வேறு பொருள்களையும் உட்கொண்டிருந்தனர். ஆகவே மது, தூக்க மாத்திரை, இருமல் மருந்து ஆகியவற்றோடு இது சேரும்போதுதான் உயிருக்கு ஆபத்து மிகுதி.

"தாய்லாந்தில் தடையை நீக்கிவிட்டார்களே" என்று சிலர் கேட்கலாம். 1943-இல் வந்த தடை 2021 ஆகஸ்டில் நீங்கியது உண்மைதான். ஆனால் 2022-இல் அங்கு வந்த சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோருக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் இதை விற்கக் கூடாது என்கிறது. தடை நீங்கியதால் இலையின் குணம் மாறிவிடவில்லை.

எனவே உழவர்கள் கவனிக்க வேண்டியவை:

களைப்பு என்பது ஓய்வு கேட்டு உடல் விடுக்கும் அறிவிப்பு. அதை மறைத்துவிட்டு வெயிலில் வேலையைத் தொடர்ந்தால் உடம்பு வேறு வழியில் பழி வாங்கும். உச்சி வெயிலில் ஓய்வு எடுங்கள். நீரும் மோரும் அடிக்கடி அருந்துங்கள். வலி நீடித்தால் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பெயர் தெரியாத தூளை வலி மருந்தென்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே பழகியவர் யாரேனும் இருந்தால் ஏசாதீர்கள்; மருத்துவரிடம் அழைத்துச் சென்று, உட்கொண்டதை மறைக்காமல் சொல்லச் செய்யுங்கள். ஒருவர் எழுப்பியும் எழாமல் மூச்சுத் திணறினால் உடனே 108-ஐ அழையுங்கள்.

நிலத்திற்கு ஓய்வு தேவை என்பதை நன்கறிந்த நீங்கள், உங்கள் உடலுக்கும் அதைக் கொடுக்க வேண்டும்.