சூரியனைக் கழித்த பின் கர்ணன்



கர்ணன் என்றால் நம் ஊர்களில் கண் கலங்காதவர் குறைவு. 1964இல் வந்த பந்துலுவின் படம், சிவாஜியின் முகம், விடிய விடிய நடக்கும் கர்ண மோட்சக் கூத்து எல்லாம் சேர்ந்து வளர்த்த கண்ணீர் அது. சேரிகளிலும் அந்தக் கண்ணீர் உண்டு. பிறப்பைச் சொல்லி அவமதிக்கப்பட்டவன் என்பதால் அவனை நம்மவனாக எடுத்துக்கொண்டோம். அந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. கடவுளை ஏற்காத நாம் இந்தக் கதையை எங்கே பிடித்து வாசிப்பது என்பதே இன்றைய பேச்சு.

சூரியன் எப்படிப் பிள்ளை கொடுக்கும் என்று கேட்டுச் சிரிப்பது ஒரு வழி. கைதட்டல் கிடைக்கும்; அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. சூரியன் இருக்கிறானா என்பதைவிட, கதைக்குள் அவன் என்ன வேலை பார்க்கிறான் என்பதுதான் நமக்கு முக்கியம்.

அரங்கேற்றக் களத்தில் அர்ச்சுனனுக்கு நிகராக நிற்கிறான் கர்ணன். கிருபர் குலத்தைக் கேட்கிறார். வியர்வை வழிய, கோலூன்றித் தள்ளாடி உள்ளே வருகிறார் தேரோட்டி அதிரதன். மகன் எழுந்து தலை வணங்குகிறான். உனக்குச் சாட்டைதான் பொருந்தும் என்று பீமன் சிரிக்கிறான். இதுவரை நமக்குத் தெரிந்த கதை. நண்பன் துரியோதனன் பேசுவதைத்தான் நாம் கவனிப்பதில்லை. மான் வயிற்றில் புலி பிறக்குமா என்று கேட்டு அவன் கர்ணனுக்காக வாதாடுகிறான். அப்படியானால் மான் யார்? ராதை. பீமனும் துரியோதனனும் ஒரே விதியைத்தான் நம்புகிறார்கள்: திறமை பிறப்பிலிருந்து வருகிறது. சூரியன் காப்பாற்றுவது கர்ணனை அல்ல, அந்த விதியை. தேரோட்டி மகன் அர்ச்சுனனுக்குச் சமமாக வில் பிடித்தான் என்றால் வருணம் ஆட்டம் காணும். அவன் உண்மையில் சத்திரியன்தான், இடம் மாறிப்போனான் என்றால் எல்லோரும் நிம்மதியாக அழலாம். இடம் மாறாத தேரோட்டிப் பிள்ளைகளுக்காக யாரும் அழுததாகக் காவியத்தில் இல்லை.

சூரியனைக் கழித்தால் குந்தியின் கதையும் மாறுகிறது. கோபக்கார முனிவருக்குப் பணிவிடை செய்யத் தகப்பன் அனுப்பிய மணமாகாத பெண் அவள். பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று சொல்ல முடியாத இடத்தில் ஒரு தெய்வத்தின் பெயர் நிற்கிறது.

அடுத்தது சாபம். பரசுராமர் பிராமணருக்கு மட்டுமே கற்பிப்பவர். கர்ணன் தன்னைப் பிராமணன் என்று சொல்லிச் சேர்கிறான். குரு தன் மடியில் தூங்குகிறார். வண்டு தொடையைத் துளைக்கிறது. குரு விழித்துவிடக் கூடாதே என்று அசையாமல் இருக்கிறான். பிராமணன் இவ்வளவு வலி தாங்க மாட்டான் என்று குரு கண்டுபிடிக்கிறார். வலியைத் தாங்கியதே குற்றத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. இதை விதி என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அது விதி அல்ல, சேர்க்கை விதிமுறை.

மாணவத் தோழர்களுக்கு இது பழங்கதையாக இருக்காது. 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா இறந்தார். அவரையும் நான்கு தோழர்களையும் விடுதியிலிருந்து வெளியேற்றியது ஏன் என்ற கேள்வி பின்னால் போயிற்று. அவர் என்ன சாதி என்ற ஆராய்ச்சி முன்னால் வந்தது. தனியாளாக அவரை வளர்த்த தாய் தன்னை மாலா என்று சொன்னதை ஒன்றிய அரசு அமைத்த ரூபன்வால் ஆணையம் ஏற்கவில்லை. 2024இல் தெலங்கானா காவல்துறையின் அறிக்கையும் அவர் பட்டியல் சாதி அல்ல என்றது. எதிர்ப்பு எழுந்த பிறகே மேலும் விசாரிப்போம் என்றார்கள். கிருபர் கேட்ட அதே கேள்விதான். செத்த பிறகும் கேட்டார்கள்.

கர்ணனை நாம் தூய்மைப்படுத்தவும் வேண்டாம். சபையில் திரௌபதியின் ஆடையைக் களையச் சொன்ன குரல் அவனுடையது. மேலே இருந்து வாங்கிய அவமானத்தை ஒரு பெண்மீது இறக்கினான். படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னது இங்கேயும் வேலை செய்கிறது. சூதன் ஏணியின் அடிப்படியில் இல்லை. அவனுக்கும் கீழே ஏகலைவன் கட்டைவிரல் இல்லாமல் நிற்கிறான். கர்ணனின் வள்ளல் தன்மை ஏகலைவன் பக்கம் திரும்பியதாகக் கதை இல்லை.

ஆனால் ஓரிடத்தில் அவன் நம் ஆள்தான். உத்தியோக பருவத்தில் கண்ணன் பிறப்பு ரகசியத்தைச் சொல்லி, மூத்த பாண்டவனாக வா, அரசு உனக்கு என்கிறான். கர்ணன் மறுக்கிறான். என்னைக் கண்டதும் ராதைக்குப் பால் சுரந்தது, என் மலமூத்திரத்தை அவள்தான் எடுத்தாள், அதிரதன் எனக்குப் பெயர் வைத்தார், சூதர் குலத்தில் பெண் எடுத்தேன், பிள்ளையும் பேரனும் கண்டேன் என்கிறான். தெய்வம் வந்து தகப்பனைக் காட்டியபோது, தன்னைத் துடைத்து வளர்த்த கைகளைக் காட்டினான். நாத்திகம் என்று நாம் சொல்வதற்குக் காவியத்துக்குள்ளேயே இதைவிட நல்ல சாட்சி தேட வேண்டியதில்லை. செஞ்சோற்றுக் கடனைப் பாடிப் பாடி இந்தப் பேச்சை மறைத்துவிட்டார்கள்.

வில்லிபுத்தூரார் தன் பாரதத்தில் சாகும் கர்ணனிடம் ஒரு கிழப் பிராமணனை அனுப்புகிறார். வேடத்தில் இருப்பவன் கண்ணன். மிச்சமிருந்த புண்ணியத்தையும் அவன் கேட்டு வாங்கிக்கொள்கிறான். பிறகு குந்தி வந்து மடியில் கிடத்தி அழுகிறாள். படமும் அதே வழியில்தான் போயிற்று.

கூத்துக் கட்டும் தோழர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். அடுத்த முறை கர்ண மோட்சம் ஆடும்போது ராதைக்கும் ஒரு வேஷம் கட்டுங்கள். களத்தில் அவள் வந்து அழட்டும். அதிரதன் கோலூன்றிப் பக்கத்தில் நிற்கட்டும்.