நான்காவது இலை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் எங்கள் வகுப்புத் தோழிகள் சேர்ந்து இப்பாடசாலை வளவில் நடத்திய ஐந்து நாட் பகல் முகாமைப் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டது. நடந்த நல்லவற்றை அறிக்கையில் வாசிக்கலாம். நாங்கள் விட்ட ஒரு பிழையை இங்கே சொல்கிறோம்.

எங்களுள் விவசாயம் படித்த ஒருத்தி, அமெரிக்காவில் மேற்படிப்பின்போது ஒரு விவசாய விரிவாக்க அலுவலகத்தில் பயிலுநராக இருந்து, கோடை விடுமுறைப் பிள்ளைகளுக்குப் பகல் முகாம்கள் திட்டமிட்டவள். பல்கலைக்கழக அறிவை ஊர்மக்களிடம் கொண்டுசெல்லும் அந்தச் சேவையை அங்கே 1914ஆம் ஆண்டின் சிமித்–லீவர் சட்டம் நிலைநிறுத்தியது. அதன் இளைஞர் அமைப்புக்கு ‘4-எச்’ என்று பெயர். நான்கு இலைகள் அதன் சின்னம்: தலை, இதயம், கை, உடல்நலம். தொடக்கத்தில் மூன்று இலைகளே இருந்தன. உடல்நலம் பின்னர்தான் சேர்ந்தது.

அவள் சொன்ன ஒழுங்கிலேயே நாங்களும் திட்டமிட்டோம். கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இருந்தவர்கள் இரவிரவாக வட்ஸ்அப்பில் கூடினோம். தரம் 6 முதல் 8 வரை 40 பிள்ளைகள், பத்துப் பேருக்கு இரண்டு பொறுப்பாளர். காலை 8.30 முதல் பகல் 1 மணி வரை. மழை வந்தால் மண்டபம். யார் கூட்டிச்செல்ல வருவார் என்று பெற்றோரின் கையெழுத்து. போத்தலில் மண்ணையும் தண்ணீரையும் குலுக்கிவைத்து, மணல் முதலிலும் களி கடைசியிலும் அடைவதைப் பார்ப்பது. ஓடுமுன்னும் ஓடியபின்னும் நாடித்துடிப்பை எண்ணுவது.

எங்களில் இருவர் வைத்தியர்கள். ஒவ்வாமை, இழுப்பு, பாவிக்கும் மருந்து எல்லாம் படிவத்தில் கேட்டோம். ஜீவனிப் பைக்கற்றுகளும் வாங்கி வைத்தோம்.

இரண்டாம் நாள் பத்தரை மணிக்கு, வேப்பமர நிழலில் மண் போத்தலுடன் நின்ற ஒரு பிள்ளை அப்படியே சரிந்துவிட்டாள். படுக்கவைத்துக் காலை உயர்த்தினோம். நன்றாகத் தெளிந்தபின் சீனித் தண்ணீர் கொடுத்தோம். வெயில் என்றுதான் நினைத்தோம். தனியே இருத்திக் கேட்டபோது, முதல்நாள் மதியத்துக்குப் பிறகு அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. விடுதியில் நோயாளியிடம் ‘கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?’ என்று நாள்தோறும் கேட்கும் நாங்கள், அந்தக் கேள்வியைப் படிவத்தில் போடவில்லை.

அடுத்த நாள் காலை இன்னொரு பிழை விட்டோம். “சாப்பிடாமல் வந்த ஆக்கள் கையை உயர்த்துங்கோ” என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டோம். ஒரு கைகூட உயரவில்லை. அந்தப் பிள்ளையின் கையும் உயரவில்லை. பதின்மூன்று வயதில் நாங்களும் உயர்த்தியிருக்க மாட்டோம்.

நான்காம் நாள் கேள்வியை விட்டுவிட்டோம். 8.15க்கு இலைக்கஞ்சியும் சர்க்கரைத் துண்டும், அவித்த கௌபியும் தேங்காய்ச்சொட்டும். கஞ்சி குடித்த பிறகுதான் வரவு எடுப்பது. பொறுப்பாளர்களும் நாங்களும் அதே வாங்கில் இருந்து குடித்தோம். “நான் வீட்டில சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான், எண்டாலும் இன்னொரு கோப்பை தாங்கோ” என்றாள் ஒருத்தி. யார் பசியோடு வந்தவர், யார் ஆசையில் கேட்டவர் என்று எவருக்கும் தெரியாமற் போனது. அதைத்தான் நாங்கள் விரும்பினோம்.

அடுத்த முகாமின் திட்டத்தில் முதல் வரி கஞ்சி. மற்றவை அதன் கீழே.

வெளிநாட்டிலுள்ள தோழிகள் மடிக்கணினி அனுப்பவா, பரிசு அனுப்பவா என்று கேட்கிறீர்கள். மிக்க நன்றி. ஆனால் முதலில் ஐந்து காலைகளுக்கு அரிசியும் கௌபியும் தேங்காயும் வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் வருபவர்களிடம் இன்னொன்றும் கேட்கிறோம். ஒருநாள் காலை ஆறரைக்கு வாருங்கள். கீரை ஆயக் கைகள் போதாது.