கூடையின் நிறையும் நாட்டின் வளர்ச்சியும்

(வாலிபர் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடைகளிலே சமயத்தையும் இலக்கியத்தையும் பற்றிப் பேசுவதே வழக்கம். பொருளியல் படிக்கும் மாணவனாகிய என்னை அழைத்த செயலாளர் அவர்கள், "நீ படிப்பதையே எங்களுக்கு விளங்கும்படி சொல்" என்று பணித்துவிட்டார். பொருளைப் பற்றிப் பேசுவது சமயத்துக்குப் புறம்பானதன்று. அறம், பொருள், இன்பம், வீடு என்று வகுத்த நம் முன்னோர், அறத்துக்கு அடுத்த இடத்தைப் பொருளுக்கே கொடுத்தார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. ஆற்றில் போடுவதற்கே அளவு வேண்டுமென்றால், ஒரு நாட்டின் செல்வம் பெருகிற்றா சுருங்கிற்றா என்று சொல்வதற்கு எத்துணைக் கவனமான அளவு வேண்டும்! அதிலும், கடல் கடந்த வாணிபத்தை நம்பி வாழும் ஒரு சிறிய நாட்டின் வளர்ச்சியை அளப்பது எப்படி என்பதே நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

நாட்டின் வளர்ச்சி என்று பத்திரிகைகள் சொல்வது 'மொத்த உள்நாட்டு உற்பத்தி' என்னும் ஓர் எண்ணின் ஏற்றத்தையே. ஓராண்டில் ஒரு நாட்டின் எல்லைக்குள்ளே உண்டான பண்டங்கள், சேவைகள் ஆகியவற்றின் பெறுமதி அது. நம் நாட்டில் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் இதனைக் கணக்கிடுகிறது.

இதை எப்படிக் கூட்டுவது? நமக்குத் தெரிந்த தேயிலையையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கிறது. மலையில் பறித்த கொழுந்தின் விலையை ஒரு முறையும், ஆலையில் ஆக்கிய தூளின் விலையை ஒரு முறையும், கொழும்பில் கட்டிய பைக்கற்றின் விலையை மற்றொரு முறையும் கூட்டினால், ஒரே கொழுந்தை மூன்று தடவை எண்ணியவர்களாவோம். ஆகவே, ஒவ்வொரு படியிலும் புதிதாகச் சேர்ந்த பெறுமதியை மட்டுமே கூட்டவேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த உரத்தையும் எண்ணெயையும் கழித்துவிடவேண்டும்.

இந்தக் கழிவின் அருமை சிங்கப்பூரைப் பார்த்தால் விளங்கும். நுவரெலியா மாவட்டத்தின் பாதிப் பரப்புக்கூட இல்லாத அந்நாடு, தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்டது. உலகின் செல்வ நாடுகளுள் ஒன்றாக எண்ணப்படுவது. அதன் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் கூட்டினால், அதன் மொத்த உற்பத்தியைப்போல் மூன்று மடங்கு வரும். ஒரு நாடு தான் உண்டாக்கியதைப்போல் மூன்று மடங்குக்கு வாணிபம் செய்வது எப்படி? இறக்குமதியாகி அப்படியே மறுஏற்றுமதியாகும் பெட்டியும் வாணிபக் கணக்கில் சேரும். ஆனால் அந்தப் பெட்டியால் சிங்கப்பூர் பெறுவது ஏற்றி இறக்கிய கூலியும் காத்து வைத்த வாடகையும் சிறு இலாபமுமே. ஏற்றுமதி பெருத்ததென்று கேட்டவுடன் நாடு பெருத்ததென்று எண்ணுவது, பிறருடைய கூடையைத் தூக்கிக்கொண்டு போனவன், "கூடை முழுவதும் என்னுடையது" என்று சொல்வதைப் போன்றது.

இத்தகைய நாடுகளின் வளர்ச்சி எண்ணைக் கேட்டவுடன் நாம் வினவவேண்டிய வினாக்கள் மூன்று. எவ்வளவு விளைந்தது? விளைந்ததில் எவ்வளவு நம்மிடம் தங்கியது? தங்கியது எவ்வளவு பொருளை வாங்கும்? இம்மூன்றையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது வினா, எவ்வளவு விளைந்தது என்பது. எளிதாகத் தோன்றும் இவ்வினாவே பெரிய மயக்கத்தைத் தரும். 2021-ஆம் ஆண்டு இலங்கையில் ஏறத்தாழ 30 கோடி கிலோ தேயிலை உற்பத்தியாயிற்று. அவ்வாண்டில் இரசாயன உரத்துக்கு விதித்த தடையும் பின்னர் வந்த பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து தாக்க, 2022-இல் அது 25 கோடி கிலோவாகக் குறைந்தது. நிறையைக் கேட்டால், ஆறில் ஒரு பங்கு வீழ்ச்சி. டொலரைக் கேட்டால், தேயிலை ஏற்றுமதி வருமானம் 132 கோடியிலிருந்து 126 கோடியாயிற்று, சிறு வீழ்ச்சி. ரூபாயைக் கேட்டாலோ, அதே வருமானம் பாதிக்கு மேல் கூடியிருந்தது! டொலர் ஒன்றுக்கு 200 ரூபாயாக இருந்த மாற்று விலை 360 ரூபாய்வரை ஏறியதே இதற்குக் காரணம். ஒரே தேயிலை, ஒரே ஆண்டு. மூன்று அளவுகோல்கள் மூன்று விடைகளைத் தருகின்றன. இதனால்தான் புள்ளிவிபர அறிஞர், விலையேற்றத்தை நீக்கி, ஓர் அடியாண்டின் நிலையான விலையில் உற்பத்தியைக் கணக்கிடுகிறார்கள். அவ்வாறு கணக்கிடாத வளர்ச்சி வீக்கமேயன்றி வளர்ச்சியன்று.

சதவீதத்தைக் கேட்கும்போது, எதிலிருந்து என்றும் கேட்கவேண்டும். நம் நாட்டின் உற்பத்தி 2022-இல் ஏழு சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. 2023-இல் மேலும் இரண்டு சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. 2024-இல் ஐந்து சதவீதம் வளர்ந்தது. ஐந்து என்பது நல்ல எண்தான். ஆனால் 2021-இல் 100 கூடை எடுத்த மலையில் அடுத்த ஆண்டு 93-உம், அதற்கடுத்த ஆண்டு 91-உம் எடுத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து சதவீதம் வளர்ந்த பிறகும் கிடைப்பது 95 கூடையே. பள்ளத்தில் விழுந்தவன் பாதி வழி ஏறியதும் மலையுச்சியை அடைந்துவிட்டதாகச் சொல்லலாமா?

இரண்டாவது வினா, விளைந்ததில் எவ்வளவு நம்மிடம் தங்கியது என்பது. இந்த வினாவை இங்கு கூடியிருக்கும் முதியோர் எவரும் எனக்குக் கற்பிக்க வல்லவர்கள். 1975-ஆம் ஆண்டில் அரசு பொறுப்பேற்கும்வரை இம்மலைகளில் எத்தனையோ தோட்டங்கள் இலண்டனில் பதிவுபெற்ற ஸ்டெர்லிங் கம்பெனிகளின் உடைமைகளாயிருந்தன. அத்தோட்டங்களில் உண்டான பெறுமதி முழுவதும் இலங்கையின் உள்நாட்டு உற்பத்தியே. ஆனால் அதன் இலாபம் பங்குதாரரைத் தேடிக் கப்பலேறிற்று. எல்லைக்குள் விளைந்ததிலிருந்து அந்நியருக்குச் செல்லும் இலாபத்தையும் வட்டியையும் கழித்து, அவ்வகையில் வெளியிலிருந்து நமக்கு வருவதைக் கூட்டினால் கிடைப்பது 'மொத்தத் தேசிய வருமானம்'. முன்னது தோட்டத்தின் கணக்கு; பின்னது வீட்டின் கணக்கு. பாரத நாட்டின் தாதாபாய் நவ்ரோஜி, ஓர் இந்தியனின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாயே என்று 19-ஆம் நூற்றாண்டில் கணக்கிட்டுக் காட்டியதும், நாட்டின் செல்வம் வெளியே வடிந்தோடுகிறதென்று முழங்கியதும் இவ்விரண்டாம் வினாவை எழுப்பியே.

இது பழங்கதை என்று எண்ணிவிடவேண்டாம். அயர்லாந்து தேசம் 2015-ஆம் ஆண்டில் 26 சதவீதம் வளர்ந்ததாக அடுத்த ஆண்டு ஜூலையில் அறிவிக்கப்பட்டது. ஓராண்டில் அந்நாட்டு மக்களின் உழைப்பும் உணவும் நாலில் ஒரு பங்கு கூடிவிடவில்லை. சில பன்னாட்டுக் கம்பெனிகள் வரிச் சலுகையை நாடித் தம் காப்புரிமைகள் போன்ற சொத்துக்களை ஏட்டளவில் அங்கே மாற்றிக்கொண்டன. அவற்றின் வருவாயெல்லாம் அயர்லாந்தின் உற்பத்தியாகப் பதிவாயிற்று. உலகப் பொருளியலார் நகைத்தனர். அந்நாட்டுப் புள்ளிவிபர அலுவலகமோ நகைப்புக்கு நாணி ஒதுங்காமல், இத்தகைய ஏட்டு வருவாயை நீக்கிய 'திருத்திய மொத்தத் தேசிய வருமானம்' என்ற புதிய அளவை 2017 முதல் வெளியிடத் தொடங்கிற்று. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் அந்தப் புதிய எண், பழைய உள்நாட்டு உற்பத்தி எண்ணில் ஐந்தில் மூன்று பங்குக்கும் குறைவாகவே இருந்தது. தன் பெருமையைக் குறைத்துக் காட்டும் அளவைத் தானே வெளியிட்ட நாட்டை நாம் பாராட்டவேண்டும்.

நம் நாட்டில் இவ்வினாவுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. நம் லயங்களிலிருந்து எத்தனை சகோதரிகளும் இளைஞர்களும் மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்றிருக்கிறார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். 2023-ஆம் ஆண்டில் வெளிநாட்டில் உழைப்போர் இலங்கைக்கு அனுப்பிய பணம் ஏறத்தாழ 597 கோடி டொலர். அதே ஆண்டில் தேயிலை ஈட்டித் தந்தது ஏறத்தாழ 131 கோடி டொலர். தேயிலையைப்போல் நான்கு மடங்குக்கு மேற்பட்ட அந்தப் பணம் உள்நாட்டு உற்பத்தியிலே சேராது. அவர்கள் உழைத்தது வேறொரு நாட்டின் எல்லைக்குள் அல்லவா? தாய் பிரிந்த வீட்டின் துயரம் எந்தக் கணக்கிலும் சேராது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

மூன்றாவது வினா, தங்கியது எவ்வளவு பொருளை வாங்கும் என்பது. தான் உண்பதைத் தானே விளைவிக்கும் பெருநாட்டுக்கு இவ்வினா அத்துணை முக்கியமன்று. நாம் உண்ணும் கோதுமை மாவும் பஸ்ஸை ஓட்டும் எண்ணெயும் கடல் கடந்து வருவன. ஆதலின், நாம் விற்பதன் விலைக்கும் வாங்குவதன் விலைக்கும் உள்ள விகிதமே நம் வயிற்றை நிர்ணயிக்கிறது. இதனை 'வர்த்தக மாற்று வீதம்' என்பர்.

1950-இல் கொரிய யுத்தம் மூண்டபோது ரப்பர் விலை வானளாவ உயர்ந்தது. நாட்டின் கஜானா நிரம்பிற்று. ஓரிரண்டு ஆண்டுகளில் ரப்பர் விலை சரிந்தது. இறக்குமதி அரிசியின் விலையோ ஏறிற்று. மரத்தில் பால் வற்றிவிடவில்லை. உழைப்பவர் கை ஓய்ந்துவிடவில்லை. எனினும் அதே ரப்பருக்கு முன்போல் அரிசி கிடைக்கவில்லை. 1952-இல் சீனத்துடன் ரப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டோம். 1953-இல் மானியம் குறைக்கப்பட்டு, கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. ஆகஸ்ட் 12-ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. இரண்டு மாதத்தில் பிரதமரும் பதவி துறந்தார். உற்பத்தியின் நிறையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்தக் கொந்தளிப்பின் காரணம் விளங்காது. மூன்றாவது வினாவைக் கேட்பவருக்கே விளங்கும்.

இந்த வினாவை நம் சம்பளத்துக்கும் பொருத்திப் பாருங்கள். 2021-இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாயிற்று. அன்றைய மாற்று விலையில் அது ஐந்து டொலர். மறு ஆண்டு அதே 1,000 ரூபாய் மூன்று டொலருக்கும் குறைந்துவிட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி, ஓராண்டுக்குள் விலைகள் ஏறத்தாழ 70 சதவீதமும் உணவு விலைகள் ஏறத்தாழ 95 சதவீதமும் ஏறியிருந்தன. 2024 செப்டெம்பரில் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாய் என வர்த்தமானியில் வெளியாயிற்று. 1,000 ரூபாய் 1,350 ஆனது 35 சதவீத உயர்வு. அந்த இடைக்காலத்தில் விலைகளோ ஏறத்தாழ இரட்டித்துவிட்டன. கையில் வாங்கிய காசு பெருத்தது. கடையில் வாங்கிய சாமான் சிறுத்தது.

அன்பர்களே, இம்மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்பும் ஒன்று எஞ்சி நிற்கும். பொருள் வரும் வழியை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததை முறையாகப் பகுத்தல் என்று அரசின் தொழிலைத் திருவள்ளுவர் நான்காகச் சொன்னார். வளர்ச்சி எண் முன்னவற்றைப் பற்றி ஓரளவு சொல்லும். பகுத்தலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 1934-இல் அமெரிக்கக் காங்கிரசுக்காகத் தேசிய வருமானத்தைக் கணக்கிட்டுக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸ், ஒரு நாட்டின் நலத்தை இந்த எண்ணிலிருந்து ஊகித்துவிடலாகாது என்று அவ்வறிக்கையிலேயே எச்சரித்தார். 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் வறியோர் நூற்றுக்கு 14 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 34 பேர். நாட்டுச் சராசரி என்னும் போர்வைக்குள் நம் மக்கள் மறைந்துகிடக்கிறார்கள். தோட்டப்புறம் என்று தனியே பிரித்து எண்ணியமையால் அன்றோ அந்த 34 நமக்குத் தெரியவந்தது! எண்ணப்படாதவருக்குப் பங்கு கேட்க வாய் இராது.

ஆகவே, வாலிப நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொழும்பு விலைச் சுட்டெண் நகரவாசிகளின் செலவைப் பார்த்து அமைந்தது. ஹட்டன் கடைவீதியிலும் நுவரெலியாவிலும் நம் தாய்மார் வாங்கும் மாவு, அரிசி, பருப்பு, தேங்காய், மண்ணெண்ணெய், பிள்ளைகளின் கொப்பி, பஸ் கட்டணம் ஆகியவற்றின் விலையை மாதந்தோறும் ஒரே நாளில், ஒரே கடைகளில் விசாரித்து எழுதிவைக்க ஒரு குறிப்பேடு நம் சங்கத்தில் இருக்கட்டும். பக்கத்திலேயே, அம்மாதம் கைக்கு வந்த சம்பளத்தையும், கிடைத்த வேலைநாள்களையும், நிறுவையில் கூடைக்கும் ஈரத்துக்குமாகக் கழித்த கிலோவையும் எழுதுங்கள். மூன்று ஆண்டுகள் விடாமல் எழுதினால், சம்பளப் பேச்சுக்குச் செல்லும் எவரும் கையில் எடுத்துச் செல்லத்தக்க கணக்கு நம்மிடம் இருக்கும். பெரியோர்களே, நீங்கள் அன்றைய கூப்பன் காலத்து விலைகளை நினைவிலிருந்து சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும்.

நம் பாட்டன்மார் கொழுந்தைச் சுமந்தார்கள். கணக்கைப் பிறர் எழுதினார்கள். எழுதப் படிக்கக் கற்ற தலைமுறை நாம். இனி அந்தக் கணக்கை நாமும் எழுதுவோம்.