விரலாற் படிக்கும் நூலும் பிழை திருத்தமும்

(சங்கக் கூட்டத்திற் பல்கலைக்கழக மாணவரொருவர் நிகழ்த்திய பேச்சு)



ஒரு நூலிற் பிழை கண்டால் நாம் வேறொரு பிரதியை எடுத்துப் பார்க்கிறோம்; அல்லது அறிந்தவரிடம் கேட்டுத் தெளிகிறோம். விழிப்புலனற்ற மாணவனுக்கோ பெரும்பாலும் கையிலுள்ள அந்த ஒரு பிரெயிற் பிரதியே கதி. அதிலுள்ள பிழையை நூலின் பிழையென்று அவன் அறியமாட்டான். தன் அறியாமையென்றே எண்ணி வருந்துவான். ஆகவே பிரெயில் நூல்களைப் பிழையறச் செய்தல் பற்றி இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

பிரான்சு தேசத்தில் 1809இற் பிறந்த லூயி பிரெயில், குழந்தைப் பருவத்தில் தகப்பனாரின் சேணப் பட்டறையிற் கண்ணிற் காயம்பட்டுப் பார்வையிழந்தவர். அவர் தம் எழுத்து முறையை 1829இல் நூலாக வெளியிட்டார். இரண்டு வரிசையில் மும்மூன்றாக ஆறு புள்ளிகள் கொண்டது ஒரு கட்டம். அவற்றிலிருந்து 63 குறிகள் பிறக்கும். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951இல் வகுக்கப்பட்ட பாரதி பிரெயிலில் தமிழும் அடங்கும். நம் நாட்டில் மேரி சப்மன் அம்மையார் 1912இல் தொடங்கிய பாடசாலை இரத்மலானையில் வளர்ந்தது. நம் குடாநாட்டிலே கைதடியில் 1956இல் நவீல்ட் பாடசாலை தோன்றியது.

இவ்வெழுத்தில் ஒரு புள்ளியின் பெறுமதி என்னவென்று பாருங்கள். ரகரத்துக்கு 1, 2, 3, 5 ஆகிய புள்ளிகள்; லகரத்துக்கு 1, 2, 3. ஐந்தாம் புள்ளி மழுங்கினாற் 'கரை' என்பது 'கலை' ஆகும். 'மரம்' என்பது 'மலம்' ஆகும். மும்மலங்களைப் பற்றிக் கேட்டறிந்த நம் சங்கத்தார் சிரிக்கலாம். பரீட்சை மண்டபத்திலிருக்கும் பிள்ளையாற் சிரிக்க முடியாது. மகரத்தில் நான்காம் புள்ளி போனாற் ககரம். 'மண்' என்பது 'கண்' ஆகிவிடும். இரண்டு என்ற எண்ணில் ஒரு புள்ளி போனால் ஒன்றாகும். கணக்கு முழுவதும் தவறும். மெய்யெழுத்தின் புள்ளியைக் காட்டும் கட்டத்தில் ஒரேயொரு புள்ளிதான் உண்டு. அது அமுங்கினால் அங்கே வெற்றிடம் தோன்றி ஒரு சொல் இரண்டாகப் பிளந்துவிடும்.

நம் முன்னோர் இத்தகைய இடரை அறியாதவரல்லர். எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடுமென்று ஏட்டில் மெய்க்குப் புள்ளியிடாது விட்டனர். அவ்வேடுகளைப் பல பிரதிகளோடு ஒப்புநோக்கியே சிறுப்பிட்டி தந்த தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார்கள். ஆறுமுக நாவலர் பதிப்பு என்றாற் பிழையற்ற பதிப்பு என்பது இன்றும் நம்மவர் வழக்கு. கண்ணாற் படிக்கும் நூலுக்கு இத்துணைக் கவனம் காட்டிய மண்ணில், விரலாற் படிக்கும் நூலுக்குக் குறைந்த கவனம் தகுமா?

பிழைகள் எங்கிருந்து வருகின்றன? முதலாவது, மூலத்திலிருந்து. கணினி தமிழைப் பிரெயிலாக மாற்றித் தரும் காலமிது. ஆனாற் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பாடத்தை அப்படியே கொடுத்தால், நம் கண்ணுக்கு 'அம்மா' என்று தோன்றுவது கணினிக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவே தெரியும். யூனிக்கோடுக்கு மாற்றிய பின்னரே கொடுத்தல் வேண்டும். அச்சுப் பக்கத்தைப் படமெடுத்துக் கணினியால் எழுத்தாக்கும்போது ரகரமும் நெடிலுக்குரிய காலும் மயங்குவதுண்டு.

இரண்டாவது, அமைப்பிலிருந்து. 'மேலேயுள்ள படத்தைப் பார்க்க' என்ற வசனம் மட்டும் பிரெயிலில் வந்து, படம் வாராதிருந்தால் மாணவன் எதைப் பார்ப்பான்? படத்தைத் தடவியறியும் கோடுகளாக ஆக்கவேண்டும்; அன்றேல் அதன் செய்தியைச் சொற்களாற் கூறவேண்டும்.

மூன்றாவது, கடதாசியிலிருந்து. மெல்லிய தாளிற் புள்ளி நிலையாது. ஈரக்காற்றும் பாரமும் புள்ளியைத் தாழ்த்தும். ஆகவே பிரெயில் நூல்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்காமல் நிமிர்த்தி நிறுத்தி வைத்தல் வேண்டும்.

இவற்றுக்கு மருந்து, இருவர் கூடிப் பார்த்தலாகும். பிரெயில் நன்கு பயின்ற ஒருவர் விரலாற் படித்து எண்ணையும் நிறுத்தக் குறியையும் வாய்விட்டுச் சொல்ல, பார்வையுள்ள மற்றவர் அச்சு நூலைப் பிடித்து ஒப்புநோக்குவார். புள்ளியின் நிழலைக் கண்ணாற் பார்த்து நாம் 'சரி' என்று சொல்வது போதாது. புள்ளி எழும்பியிருக்கிறதா என்பதற்கு விரலே நீதிபதி. அந்த விரலுக்குரியவரை உதவி பெறுபவராகக் கருதாமல், தொழில் வல்லவராக மதித்து அவருக்குரிய கூலியையும் கொடுத்தல் வேண்டும்.

'கணினிதான் வாசித்துக் காட்டுகிறதே, பிரெயில் எதற்கு?' என்று கேட்பாருண்டு. காதால் மட்டும் கேட்பவனுக்கு 'மனம்' என்பதிலுள்ள னகரம் எது, 'மணம்' என்பதிலுள்ள ணகரம் எது என்பது தெளிவாகுமா? எழுத்தைத் தொட்டறியாதவன் பிழையற எழுதுதல் அரிது.

'இலவசமாகக் கொடுப்பதிற் பிழை பார்க்கலாமா?' என்பாருமுண்டு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பது பழமொழி. ஆனாற் பாடநூல் தானமாடன்று. அது அப்பிள்ளையின் உரிமை. மற்றப் பிள்ளைகள் எழுதும் அதே பரீட்சையை அவனும் எழுதுகிறான். அதே புள்ளித்திட்டமே அவனுக்கும். பிழையான நூலைக் கொடுத்துப் புண்ணியம் தேடுவது, கல்லிருக்கும் சோற்றைப் பரிமாறி அன்னதானம் என்பதை ஒக்கும்.

வாலிப அன்பர்களே, நம்மாற் பணம் பெரிதாகக் கொடுக்க இயலாது. நேரம் கொடுக்க இயலும். நம்மிற் பலருக்கு யூனிக்கோடிற் தட்டெழுதத் தெரியும். எல்லோருக்கும் அச்சு நூலைப் பிடித்து ஒப்புநோக்கத் தெரியும். கிழமையில் ஒரு மாலைப்பொழுதைக் கொடுத்து, பிரெயில் பயின்ற ஒருவரருகில் அமர்ந்து, ஒரு பாடநூலைத் தொடங்குவோம். பெரியோர்களே, தாளுக்கும் பிழை பார்ப்பவரின் கூலிக்கும் நீங்கள் கை கொடுங்கள். ஒரு நூலேனும் பிழையற முடிந்தால், அதைத் தடவும் பிள்ளை தன் விரலை நம்பிப் படிப்பான்.